தூத்துக்குடியில் வெள்ளம் புகுந்த வீடு 22 லட்சத்துக்கு வருகிறது. முதல் முதலீடாக வாங்கலாமா?

வைகைக்கரை (கோச்சடை)

எல்லோருக்கும் வணக்கம். வீடு, மனை விஷயத்தில் நான் கத்துக்குட்டி. குடியிருக்கும் வீட்டைத் தவிர வேறு எதுவும் வாங்கியதில்லை. என் சேமிப்பும் தம்பி சிங்கப்பூரிலிருந்து அனுப்பியதுமாக 27 லட்சம் கையில் இருக்கிறது. மதுரையில் இந்தப் பணத்துக்கு ஊரைவிட்டுத் தள்ளி வெறும் மனைதான் வரும்.

தெரிந்த புரோக்கர் ஒருவர் தூத்துக்குடியில் ஒரு வீடு காட்டினார். மூன்று செண்ட், தரைத்தளம் மட்டும், 900 சதுர அடி, கட்டிப் பதினைந்து வருடம். கடல் ஒன்றரை கிலோமீட்டர். 2023 டிசம்பர் வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றதாம். அதிலிருந்து பூட்டியே கிடக்கிறது. கேட்பது 22 லட்சம். பக்கத்துத் தெருவில் இதே அளவு வீடு 32க்குப் போனதாகச் சொல்கிறார்.

என் கணக்கு: ஐந்து லட்சம் செலவு செய்து பூச்சு, தரை, வயரிங், பெயிண்ட் எல்லாம் முடித்து ஒரு வருடத்தில் 32க்கு விற்பது. விற்காவிட்டால் வாடகை. வின்ஃபாஸ்ட் கார் ஆலை வந்துவிட்டது, குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளம் வருகிறது, வாடகைக்கு ஆள் கிடைக்காமலா போய்விடும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜிகர்தண்டா

இருபத்தேழு லட்சமும் வைகை மாதிரி கடல் சேராமல் நடுவழியிலேயே வற்றிவிடப் போகிறது. சும்மா சொன்னேன் அண்ணே, பெரியவர்கள் வரட்டும்.

முத்துநகர் அண்ணாச்சி (தூத்துக்குடி)

தம்பி, எந்தப் பகுதி, எந்தத் தெரு என்று புரோக்கரிடம் சரியாகக் கேளுங்கள். ‘கடல் பக்கம்தானே, அதனால் வெள்ளம்’ என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். 2023இல் எங்களுக்குக் கடலிலிருந்து தண்ணீர் வரவில்லை. டிசம்பர் 17, 18 இரண்டு நாளும் வானம் கொட்டியது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 செண்டிமீட்டர். பல ஊர்களில் ஒரு வருடம் முழுக்கப் பெய்தாலும் அவ்வளவு வராது. மேற்கே கோரம்பள்ளம் குளம் உடைந்தது, தாமிரபரணி இரண்டு கரையும் புரண்டது. கடலுக்குப் போக வேண்டிய அவ்வளவு தண்ணீருக்கும் நடுவில் எங்கள் ஊர் உட்கார்ந்திருந்தது.

அதனால் ‘எவ்வளவு உயரம் நின்றது’ என்ற கேள்வி இரண்டாவதுதான். ‘எத்தனை நாள் நின்றது’ என்பதை முதலில் கேளுங்கள். சில தெருக்களில் மழை விட்ட மறுநாளே வடிந்துவிட்டது. சில தெருக்களில் மோட்டார் வைத்து இறைத்துத்தான் வெளியேற்றினார்கள். முதல் வகைத் தெருவில் வந்தது வழிப்போக்குத் தண்ணீர். இரண்டாவது வகைத் தெரு பள்ளம், தண்ணீர் அங்கே குடிவரும். 2021 நவம்பர் மழையிலும் இந்த ஊரில் பல தெருக்களில் தண்ணீர் நின்றது. உங்கள் தெருவில் அப்போது நின்றதா என்று விசாரியுங்கள். இரண்டு தடவையும் நின்றிருந்தால் மேற்கொண்டு யோசிக்க ஒன்றுமில்லை.

இன்னொன்று. 32 போகிற வீடு 22க்குக் கிடைக்கிறது என்றால், அதே தெருவில் இருப்பவன் ஏன் வாங்கவில்லை? எங்கள் ஊரில் பணம் உள்ளவனுக்குப் பஞ்சமில்லை. மதுரை வரைக்கும் அந்த வீடு ஏன் ஆள் தேடி வருகிறது என்று கேட்டுப் பாருங்கள்.

கொத்தனார் மகன் (திருமங்கலம்)

அண்ணாச்சி சொன்னதையே கட்டடத்தின் பக்கமிருந்து சொல்கிறேன். நான் காண்டிராக்ட் எடுத்துச் செய்பவன். ராமநாதபுரம், சாயல்குடி பக்கமும் வேலை பார்த்திருக்கிறேன்.

முதலில் தெரிய வேண்டியது, உள்ளே வந்தது நல்ல தண்ணீரா, உப்புத் தண்ணீரா என்பது. மழைத் தண்ணீர் என்றால் கெடுவது பூச்சு, கதவு, நிலை, வயரிங், பிளம்பிங். எல்லாம் மாற்றக்கூடியவை. உப்புத் தண்ணீர் என்றால் கம்பி கெடும். கான்கிரீட்டுக்குள் குளோரைடு இறங்கிவிட்டால் கம்பிமேல் இருக்கும் காப்பு போய்விடும், துரு பிடிக்கும். துரு இரும்பைப்போல இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். கான்கிரீட் அதைத் தாங்காமல் வெடித்துப் பெயரும். வீட்டுக்குள் நின்று அண்ணாந்து பாருங்கள். ஸ்லாபில், அதாவது கான்கிரீட் கூரையில், கம்பி ஓடும் கோட்டிலேயே நேராக விரிசல் இருந்தாலும், பழுப்புக் கறை இறங்கியிருந்தாலும், தட்டினால் ‘டொப் டொப்’ என்று பொள்ளலாகச் சத்தம் கேட்டாலும் அது வெள்ளத்தால் மட்டும் வந்த கேடு இல்லை, அதற்கு முன்பே தொடங்கியது.

ஏனென்றால் கடலோரத்தில் உப்பு வெள்ளத்தோடு மட்டும் வருவதில்லை. காற்றில் வருகிறது. கலவைக்கு ஊற்றிய கிணற்றுத் தண்ணீரில் வருகிறது. மணலில் வருகிறது. இந்தியத் தரக் குறியீடு 456 கடலோரக் காற்றுப்படும் கான்கிரீட்டுக்கு எம்-30 தரமும், கம்பியை மூட 45 மில்லிமீட்டர் கனக் கான்கிரீட்டும் (கவர்) கேட்கிறது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்கிறது. பதினைந்து வருடத்துக்கு முன்னால் மேஸ்திரி கணக்கில் கட்டிய வீட்டில் இதையெல்லாம் யார் பார்த்திருப்பார்கள்? கவர் பிளாக் வைத்திருந்தாலே புண்ணியம்.

உங்கள் ஐந்து லட்சத்தில் ‘பூச்சு, பெயிண்ட்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். சுவருக்குள் இறங்கிய ஈரம் காய மாதக்கணக்கில் ஆகும். காயும் முன் புட்டி போட்டுப் பெயிண்ட் அடித்தால் அடுத்த மழைக்கு முன்பே பொரிந்து வரும், உப்புப் பூக்கும். விற்கிறவரும் இதையே செய்து வைத்திருப்பார். புதுப் பெயிண்ட் அடித்த வெள்ள வீட்டைவிட, பெயிண்ட் உரிந்து நிற்கும் வீட்டையே நான் நம்புவேன். அது எதையும் மறைக்கவில்லை.

துருப்பிடித்த ஸ்லாபுக்கு ஒட்டுப்போடும் வேலையும் அப்படித்தான். கம்பிக்குப் பின்னால் வரை கொத்தி எடுத்து, துருவைச் சுரண்டி, துருத்தடுப்பு அடித்து, பாலிமர் கலவை போட வேண்டும். அவ்வளவு செய்தும், உப்பு ஏறிய ஸ்லாபில் ஓர் இடத்தைச் சரிசெய்தால் அதை ஒட்டிய இடம் முன்னைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். வாங்கும் முன் ஒரு ஸ்ட்ரக்சுரல் என்ஜினியரைக் கூட்டிப்போங்கள். சுத்தியல் சோதனை, அல்ட்ராசோனிக் சோதனை, கம்பியில் துரு ஓடுகிறதா என்று பார்க்கும் ஹாஃப்-செல் சோதனை, குளோரைடு அளவு எல்லாம் எடுக்கலாம். அந்தச் செலவுக்கு யோசித்தால் இந்தத் தொழிலுக்கே வராதீர்கள்.

வைகைக்கரை

அண்ணே, ரொம்ப நன்றி. புரோக்கரிடம் கேட்டேன். ‘அது நூறு வருடத்துக்கு ஒரு தடவை வரும் மழை சார், இனி நம் ஆயுசில் வராது’ என்கிறார்.

கணக்கு டீச்சர் (அனுப்பானடி)

நூறு வருடத்துக்கு ஒரு தடவை என்றால், ஒரு தடவை வந்துவிட்டால் அடுத்து 99 வருடம் லீவு என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு வருடமும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு. பத்து வருடம் வைத்திருந்தால் ஒரு தடவையாவது வருவதற்குப் பத்து சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. முப்பது வருடம் என்றால் நாலில் ஒன்று. இதுகூட அந்த 95 செண்டிமீட்டர் மாதிரிப் பேய்மழைக்குத்தான். வீட்டுக்குள் முழங்காலளவு தண்ணீர் வர அவ்வளவு மழை தேவைப்படாது. உங்கள் வீட்டுக்கு எவ்வளவு மழை போதும் என்பதைக் கண்டுபிடியுங்கள். அண்ணாச்சி 2021ஐக் கேட்டது அதனால்தான்.

கணக்குப்புலி

நான் ஆடிட்டர் ஆபீசில் இருக்கிறேன். கட்டடம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, ரூபாயைப் பார்ப்போம்.

வாங்கும் விலை 22 லட்சம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2, ஆக 1,98,000. புரோக்கர் இரண்டு சதவீதம் கேட்பார் என்று வைத்தால் 44,000. உங்கள் மராமத்து 5 லட்சம். கூட்டினால் 29,42,000. கையில் இருப்பது 27.

ஒரு வருடம் கழித்து 32க்கே விற்றுவிட்டீர்கள் என்று வைப்போம். விற்பதற்கும் இரண்டு சதவீதம், 64,000. மிச்சம் 1,94,000. இரண்டு வருடத்துக்குள் விற்றால் அது குறுகிய கால ஆதாயம், உங்கள் சம்பளத்தோடு சேர்த்து வருமான வரி விகிதப்படி வரி. இரண்டு வருடம் தாண்டினால் 12.5 சதவீதம். 2024 ஜூலை 23க்குப் பிறகு வாங்கியதற்குப் பணவீக்கச் சரிக்கட்டல் கிடையாது. அதே 29,42,000ஐ ஏழு சதவீத வட்டிக்குப் போட்டிருந்தால் இரண்டு லட்சத்துக்கு மேல் வந்திருக்கும், பேன் போட்டுக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்திருக்கலாம். மராமத்து ஐந்து எட்டானால் ஒரு லட்சத்துக்கு மேல் நஷ்டம். 8,000 ரூபாய் வாடகைக்கு விட்டாலும் வருடத்துக்கு மூன்று சதவீதத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். வீட்டுவரி, மராமத்து போக அதிலும் குறையும்.

அடிமாட்டு விலைக்கு வாங்குகிறவர்கள் கவனிக்காத ஒன்று இருக்கிறது. அரசு வழிகாட்டி மதிப்பு வெள்ளத்தைப் பார்த்துத் தானாக இறங்காது. நீங்கள் 22க்கு வாங்கி, வழிகாட்டிப்படி மதிப்பு 27 வந்தால், முத்திரைத் தீர்வை 27க்குத்தான். அதோடு போகாது. வித்தியாசம் ஐம்பதாயிரத்தையும் பத்து சதவீதத்தையும் தாண்டினால், அந்த ஐந்து லட்சம் உங்கள் வருமானமாகக் கருதப்பட்டு அதற்கும் வரி வரும். மலிவாக வாங்கியதற்கே வரி. விலை பேசும் முன் பதிவுத்துறை இணையதளத்தில் அந்தத் தெருவின் வழிகாட்டி மதிப்பை எடுத்துப் பாருங்கள். அட்வான்ஸ் 20,000 அல்லது அதற்கு மேல் என்றால் ரொக்கமாகக் கைமாறக் கூடாது, வங்கி வழியாக மட்டும்.

ஜிகர்தண்டா

இரண்டு லட்சம்கூட இல்லாத லாபத்துக்கு இத்தனை பாடா? பேசாமல் கீழவாசலில் கடை போடலாம்.

சேதுக்கரை (ராமநாதபுரம்)

எல்லோரும் சேர்ந்து பையனைப் பயமுறுத்துகிறீர்கள். நான் எங்கள் கடற்கரையில் வெள்ளம் பார்த்த வீடு வாங்கிச் சரிசெய்து இப்போதும் வைத்திருக்கிறேன், நல்லபடியாகத்தான் ஓடுகிறது.

ராமேஸ்வரத்தில் 2024 நவம்பரில் ஒரே நாளில் 40 செண்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அப்போது தெருவெல்லாம் தண்ணீர். என் வீட்டுக்குள்ளும் வந்தது. மழை நின்றதும் மணல் குடித்துவிட்டது. எங்கள் பக்கம் மணல்தரை, ஊரே கொஞ்சம் மேடு. அந்த வீடு பழைய கட்டு. பவளப்பாறைக் கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டி ஓடு போட்டது. சுவருக்குள் துருப்பிடிக்கக் கம்பியே கிடையாது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெளியே விட்டும்விடும். முந்தின சொந்தக்காரர் அதன்மேல் சிமெண்ட் பூசி வைத்திருந்ததால்தான் ஓதம் ஏறிக்கிடந்தது. அதைக் கொத்தித் தள்ளிவிட்டுத் திரும்பச் சுண்ணாம்பே பூசினோம். பவளப்பாறை எடுப்பது இன்றைக்குச் சட்டப்படி குற்றம், அதனால் இருக்கிற கல்லை வீணாக்காமல் அப்படியே திரும்பப் பயன்படுத்தினோம். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்த பிறகு யாத்திரை வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடுகிறேன். மாத வாடகையைவிட இது தேவலை. ஆக, வெள்ளம் பார்த்த வீடு எல்லாமே கெட்டது என்று சொல்லாதீர்கள்.

கொத்தனார் மகன்

சேதுக்கரை அண்ணே, நீங்கள் சொல்வது சரி. உங்களுக்கு மணல், மேடு, கம்பியில்லாத சுவர், வடிந்த தண்ணீர் என்று எல்லாம் கூடிவந்திருக்கிறது. அவர் பார்த்திருப்பது 2010 வாக்கில் கட்டிய கான்கிரீட் வீடு. இரண்டும் வேறு. உங்களை வைத்து அவர் வாங்கினால் மாட்டிக்கொள்வார்.

ஆனால் நீங்கள் சொன்னதில் ஒன்று பொன்னானது. தரை மேடா, பள்ளமா. வீட்டில் எதை வேண்டுமானாலும் பணம் போட்டு மாற்றலாம். அது உட்கார்ந்திருக்கும் மட்டத்தை மாற்ற முடியாது.

வைகைக்கரை

மட்டத்தையும் மாற்றலாம் போலிருக்கிறதே? ஜாக்கி வைத்து வீட்டை அப்படியே மூன்று நான்கு அடி தூக்குகிறார்கள் என்று வீடியோ பார்த்தேன். மதுரையில்கூடச் செய்திருக்கிறார்கள்.

கொத்தனார் மகன்

செய்கிறார்கள். நல்ல ஆட்கள் கையில் விட்டால் விரிசல் இல்லாமலே தூக்கிவிடுவார்கள். செங்கல் சுவர் தாங்கும் வீட்டுக்கு அது ஒத்துவரும். சுவரின் அடியில் வரிசையாக ஜாக்கி கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, அடியில் புதுச்சுவர் கட்டுவார்கள். தூண், பீம் போட்ட வீட்டுக்கு வேலை கடினம், செலவும் கூடும். தூக்கிய பிறகு தரை புதிதாகப் போட வேண்டும், தண்ணீர், சாக்கடை, கரண்ட் எல்லாம் மறுபடி இணைக்க வேண்டும், செப்டிக் டேங்க் கீழேயே கிடக்கும். உப்பு ஏறிய ஸ்லாபைத் தூக்கிவைத்தால் உயரத்தில் ஒரு கெட்ட ஸ்லாப் இருக்கும், அவ்வளவுதான்.

நீங்களே குடியிருக்கும் வீடு என்றால் தூக்குங்கள், தப்பில்லை. முதலீட்டுக்கு வேண்டாம். வீடு நனையாவிட்டாலும் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். வாடகைக்கு இருப்பவர் பால் வாங்கப் போக வேண்டாமா?

முத்துநகர் அண்ணாச்சி

வாடகை என்றதும் ஞாபகம் வருகிறது. ஆலைக்கு ஆள் வருவது உண்மை. ஆனால் வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் ஊரில் வீடு பார்க்க வருகிறவர் முதலில் கேட்பது ‘மாடி போர்ஷன் இருக்கா அண்ணாச்சி’ என்றுதான். தரைத்தளம் மட்டும் உள்ள வீட்டுக்கு அந்தப் பேச்சே இல்லை. இன்னொரு பக்கம், ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியது 2024 பிப்ரவரியில். வேலை நடக்கும் இடம் திருச்செந்தூரையும் தாண்டித் தெற்கே. அதற்காகத் தூத்துக்குடித் தெருவில் வாடகை ஏறும் என்பது புரோக்கர் கணக்கு.

பேங்க் பென்ஷன் (கே.கே.நகர்)

தாமதமாகத்தான் பார்த்தேன். நான் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். காகிதம் பக்கம் யாரும் பேசவில்லை, அதனால் எழுதுகிறேன்.

பூட்டிக் கிடக்கும் வெள்ள வீடுகளில் ஒரு பகுதி கடனில் இருக்கும். வில்லங்கச் சான்றை முப்பது வருடத்துக்குப் போடுங்கள். அடமானம் பதிவாகியிருந்தால் வந்துவிடும். அதோடு மூலப் பத்திரத்தின் அசலை நேரில் கையில் வாங்கிப் பாருங்கள். ‘வங்கியில் இருக்கிறது, நாளைக்குக் காட்டுகிறேன்’ என்றால் எந்த வங்கி, எவ்வளவு பாக்கி என்று எழுத்தில் கேளுங்கள். பத்திரத்தோடு பட்டா, அ-பதிவேடு (நிலம் என்ன வகை என்று சொல்லும் வருவாய்த்துறைப் பதிவேடு), புலப்பட வரைபடம் மூன்றையும் ஒப்பிடுங்கள். இதில் அ-பதிவேடுதான் உங்களுக்கு முக்கியம். அந்த சர்வே எண்ணோ ஒட்டிய எண்ணோ குளம், ஓடை, வாய்க்கால் என்று வகைப்பட்டிருந்தால் 2023இல் தண்ணீர் தன் வீட்டுக்குத்தான் வந்திருக்கிறது. நீர்நிலை ஆக்கிரமிப்பு என்றால் அகற்ற 2007ஆம் வருடச் சட்டமே இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் நோட்டீஸ் வரலாம். மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் உண்டா என்றும் பாருங்கள்.

அரசு ஒதுக்கிய வீடு, மனை என்றால் இன்னும் கவனம். சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரை முழுக்க நிறையக் குடும்பங்களுக்கு வீடு கொடுத்தார்கள். ஒப்படைப் பட்டாவில் இத்தனை வருடம் விற்கக் கூடாது என்பது மாதிரி நிபந்தனை இருக்கும். அதை மீறி வெறும் ஒப்பந்தத்திலும் பவர் பத்திரத்திலும் கைமாறுவதை வாங்கினால் வீடு உங்களுடையது ஆகாது.

இவருடைய வீடு கடலிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் என்பதால் கடலோர ஒழுங்குமுறை மண்டலம் அநேகமாக வராது. அது உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரைக்கும்தான். ஆனால் அலை ஏறி இறங்கும் கழி, ஓடை, உப்பளம் பக்கத்தில் இருந்தால் அதன் கரைக்கும் அந்த விதி உண்டு. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: கிராமப் பகுதியில் 2011 அறிவிக்கைப்படி கடலிலிருந்து 200 மீட்டர் வரை புதுக் கட்டடம் கட்டக் கூடாது. இருக்கிற அனுமதி பெற்ற வீட்டை அதே அளவுக்குள் பழுதுபார்க்கலாம், அவ்வளவுதான். 2019 அறிவிக்கை மக்கள் நெருக்கமான பகுதிக்கு இதை 50 மீட்டராகக் குறைத்தது, ஆனால் அதன்படி வரைபடம் ஒப்புதல் ஆன இடத்தில்தான் செல்லும். ‘கடலைப் பார்த்த வீடு, மேலே ஒரு மாடி எடுத்தால் ரிசார்ட்’ என்று யாராவது சொன்னால் முதலில் அந்த வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

மலிவு வேண்டுமென்றால் வங்கி ஏலமும் இருக்கிறது. ஆரம்பத்தில் வேண்டாம் என்பேன். முன்வைப்பு பத்து சதவீதம். ஏலம் கிடைத்தால் அதையும் சேர்த்து 25 சதவீதத்தை அன்றைக்கோ அடுத்த வேலைநாளிலோ கட்ட வேண்டும். மீதி பதினைந்து நாளில். தவறினால் கட்டியது போய்விடும். ‘உள்ளது உள்ளபடி’ என்றுதான் விற்பார்கள். உள்ளே குடியிருப்பவரை வெளியேற்றும் பாடும் சில சமயம் வாங்கியவர் தலையில்.

கணக்கு டீச்சர்

பென்ஷன் சார், இன்ஷூரன்ஸ்?

பேங்க் பென்ஷன்

எடுக்கலாம், எடுக்க வேண்டும். 2021 ஏப்ரலிலிருந்து ‘பாரத் கிருஹ ரக்‌ஷா’ என்று எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசி விற்கின்றன. வெள்ளம், புயல் அதில் அடக்கம். கட்டடத்தைத் திரும்பக் கட்டும் செலவுக்குத்தான் காப்பு, மனை விலைக்கு இல்லை. கட்டடத்துக்கு எடுத்தால் அந்தத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் பத்து லட்சம் வரை, உள்ளே இருக்கும் சாமான்களுக்கும் சேர்ந்து வரும். ஆனால் பாலிசி எடுப்பதற்கு முன்பே இருந்த சேதத்துக்கு யாரும் தர மாட்டார்கள். வாங்கிய அன்றைக்கே சுவர், தரை, ஸ்லாப் எல்லாவற்றையும் தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள், சரிசெய்த பிறகும் எடுங்கள். அதில்லாமல் கிளெய்முக்குப் போனால் ‘இது பழைய கறை’ என்பார் சர்வேயர்.

அரசரடி அக்கா

தம்பி, நான் வேறு மாதிரி கேட்கிறேன். கோச்சடையில் இருந்துகொண்டு தூத்துக்குடியில் கொத்தனாரை வேலை வாங்க முடியுமா? எனக்கு அரசரடியிலேயே இரண்டு போர்ஷன் வாடகைக்கு இருக்கிறது. குழாய் ஒழுகினால்கூட நான் போய் நின்றால்தான் பிளம்பர் நகருவார். அந்த ஊரில் உங்களுக்கு யார் இருக்கிறார்கள்?

கடலோரம்தான் வெள்ளம் என்றும் நினைக்காதீர்கள். 2024 அக்டோபரில் செல்லூரில் என்ன நடந்தது? கண்மாய் நிறைந்து பந்தல்குடி வாய்க்கால் வழியாக வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது. மதுரையில் பாதி நகர் கண்மாய் உள்வாயில்தான் நிற்கிறது, பெயரிலேயே குளம் என்று இருக்கும். இந்த விசாரணையெல்லாம் இங்கே மனை வாங்கினாலும் செய்யத்தான் வேண்டும். இங்கே என்றால் சைக்கிளில் போய் விசாரித்துவிடலாம்.

மனசில் பட்ட இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபிக்காதீர்கள். அந்த வீட்டுக்காரர் ஏன் விற்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. வெள்ளத்தில் எல்லாம் போய், கடன் கழுத்தை நெரித்து விற்கிறார் என்றால், மூன்று லட்சம் குறைத்துப் பேசி ஜெயித்ததாக நினைக்க வேண்டாம். சுனாமி முடிந்தபோதும் இப்படிப் புரோக்கர்கள் வட்டமிட்டதைப் பார்த்தவள் நான்.

சேதுக்கரை

அக்கா, விற்க நினைப்பவருக்கு வாங்க ஆள் வராமல் போவதும் கஷ்டம்தான். நியாயமான விலை கொடுத்தால் இருவருக்கும் நல்லது. ஆனால் ‘ஏன் விற்கிறார்’ என்பதைக் கேட்டே ஆக வேண்டும், அதில் நானும் உங்கள் கட்சி. மகன் வெளிநாட்டில், பார்த்துக்கொள்ள ஆளில்லை என்றால் அது ஒரு மாதிரி. பயந்து விற்கிறார் என்றால், எதைப் பார்த்துப் பயந்தார் என்று அவரிடமே கேளுங்கள். புரோக்கர் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேளுங்கள்.

வைகைக்கரை

எல்லோருக்கும் நன்றி. நேரில் போய்வந்தேன், தெரிந்ததை எழுதுகிறேன்.

எதிர்வீட்டு ஆச்சியிடம் பேசினேன். 2023இல் தண்ணீர் வடிய ஒரு வாரத்துக்கு மேல் ஆனதாம், மோட்டார் வைத்துத்தான் இறைத்தார்களாம். 2021இலும் வாசல்படி வரை வந்ததாம், ‘உள்ளே வரலை’ என்றார். அ-பதிவேட்டில் அந்த எண் நத்தமும் இல்லை, நீர்நிலையும் இல்லை, சாதாரணப் பட்டா நிலம்தான். ஸ்லாபில் கொத்தனார் மகன் அண்ணன் சொன்ன மாதிரி சமையலறை மேலே கம்பிக் கோட்டில் ஒரு விரிசல். மற்ற இடத்தில் தட்டிப் பார்த்தேன், சத்தம் நன்றாக இருக்கிற மாதிரித்தான் தெரிந்தது. போர் தண்ணீர் உப்பு.

எல்லாவற்றையும்விடக் கண்ணில் பட்டது, வீட்டுக்குள் போக ஒரு படி இறங்க வேண்டியிருக்கிறது. கட்டும்போது ரோட்டைவிட இரண்டடி உயரமாகத்தான் பேஸ்மட்டம் போட்டார்களாம். அப்புறம் ரோடு மேலே ரோடு போட்டு இப்போது வீடு பள்ளமாகிவிட்டது. வீட்டுக்காரர் விற்பது மகளோடு கோயம்புத்தூரில் இருக்கப் போவதால். அவர் நேராகவே சொன்னார், ‘20க்குத் தருகிறேன் தம்பி, ஆனால் மழைக்காலத்தில் நிம்மதியாகத் தூங்க முடியாது’ என்று.

கொத்தனார் மகன்

மனுஷன் உண்மை பேசியிருக்கிறார். பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுசு போட வேண்டும் என்று 2021லேயே தலைமைச் செயலாளர் உத்தரவு போட்டார். எல்லாத் தெருவிலும் அப்படி நடந்திருந்தால் ஜாக்கிக்காரர்களுக்குப் பிழைப்பே இல்லை.

ஒரு படி இறங்குகிறது, ஒரு வாரம் நின்றது, 2021இலும் வாசலுக்கு வந்தது. கட்டடத்துக்கு நான் மதிப்பே போட மாட்டேன். வெறும் மனை விலையில் இடிக்கும் செலவைக் கழித்து, அதற்குத் தந்தால் வாங்கலாம். ரோட்டுக்கு மேல் மூன்றடி மண்ணடித்து, கீழே பார்க்கிங் மட்டும் விட்டுத் தூண்மேல் கட்டுவதாக இருந்தால் யோசியுங்கள். அதற்கு உங்கள் 27 லட்சம் பத்தாது.

கணக்குப்புலி

20க்கே வந்தாலும் ஒரு வருடத்தில் 32க்கு விற்கும் திட்டம் நடக்காது. உங்களிடம் வாங்க வருபவரும் எதிர்வீட்டு ஆச்சியிடம் பேசுவாரே.

வைகைக்கரை

சரிதான். இந்த வீட்டை விட்டுவிடுகிறேன். புரோக்கரிடம் சொல்லியாகிவிட்டது, அவர் அடுத்து பழைய காயல் பக்கம் ஒன்று இருக்கிறது என்கிறார். இனி வீடு பார்ப்பதென்றால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில்தான் போவேன். பங்குனி வெயிலில் எல்லா வீடும் நல்ல வீடாகத்தான் தெரிகிறது. அண்ணாச்சி, ரோட்டுக்கும் வீட்டுத் தரைக்கும் மட்டம் பார்க்க என்ன கொண்டுவர வேண்டும்? என்ஜினியர் வைத்துத்தான் பார்க்க வேண்டுமா?

முத்துநகர் அண்ணாச்சி

அதற்கு என்ஜினியர் எதற்கு? கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும். தண்ணீர் ஊற்றி ஒரு முனையை நடுரோட்டிலும் மறுமுனையை வீட்டு வாசலிலும் பிடித்தால் தெரிந்துவிடும். அப்படியே தெருமுனைச் சாக்கடை வரைக்கும் இழுத்துப் பாருங்கள், தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்பதும் தெரியும். வருகிற அன்றைக்குச் சொல்லுங்கள், பக்கத்து வீட்டில் வேலை நடக்கிறது, டியூப் நான் வாங்கி வைக்கிறேன். பழைய காயல் என்றால் பக்கத்தில் உப்பளம் இருக்கும், பென்ஷன் சார் சொன்ன வரைபடத்தை மறக்காமல் பார்த்துவிட்டு வாருங்கள்.